புள்ளிகள் நிற்கின்றன, சுருதி மட்டும் இறங்குகிறது: பழைய ஏஆர் டர்ன்டேபிள் பற்றி ஒரு கேள்வி

காவிரிக்கரை (திருச்சிராப்பள்ளி):

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்த கருவிகளைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு, பிறகு என்னை மூன்று வாரமாக வாட்டும் சிக்கலுக்கு வருகிறேன்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகன், தன் வீட்டருகே நடந்த பழம்பொருள் விற்பனை ஒன்றில் ஏஆர் எக்ஸ்ஏ என்னும், இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி, சுழல் தட்டைத் தனியாகவும் மரப்பெட்டியைத் தனியாகவும் துண்டுகளில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்து கொடுத்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட வடிவம் அது. மோட்டார் மேல்தகட்டிலும், சுழல் தட்டும் ஊசியைத் தாங்கும் கையும் மூன்று சுருள்வில்களில் தொங்கும் தனிச்சட்டத்திலும் இருப்பதால், மேசையைத் தட்டினாலும் ஊசி துள்ளுவதில்லை. என்னிடம் உள்ளது 33, 45 ஆகிய இரண்டு வேகமும் உள்ள பிற்கால வகை. பெல்ட்டைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

அதற்குத் துணையாகச் சென்னையில் ஒருவரிடமிருந்து ₹18,000 கொடுத்து நேட் 3020 ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு 20 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள், கேட்ட பிறகு சிரிக்கவில்லை. புதிதாக வாங்கியவை இரண்டு: ஊசி பொருத்திய ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ், வார்ஃபேடேல் டைமண்ட் 12.1 ஸ்பீக்கர்கள்.

இனிச் சிக்கல். என் தந்தையார் சேர்த்து வைத்த கர்நாடக இசைத்தட்டுகளைப் போட்டால் பாட்டு இறங்கிக் கேட்கிறது. என் மனைவி வீணை ஆசிரியை. சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பாடகி இந்தத் தட்டில் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே பாடுகிறார் என்று உறுதியாகச் சொல்கிறார். நான் பெல்ட்டைச் சந்தேகித்துப் புதியது வரவழைத்தேன். மாற்றம் இல்லை. சுழல் தட்டின் அச்சு அமரும் தாங்கியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். அதிலும் மாற்றம் இல்லை. 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணம் என்று கடைக்காரர் சொன்னதால் அதையும் மாற்றி 120 வோல்ட் தருவதை வாங்கினேன். அப்போதும் அதே கதைதான்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. டர்ன்டேபிளோடு, வேகம் சரிபார்க்கப் புள்ளிகள் அச்சிட்ட ஒரு ஸ்ட்ரோப் தட்டும் வந்தது. அதைச் சுழல் தட்டின் மேல் வைத்து, தாழ்வாரத்தில் இருக்கும் சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் வெளிச்சத்தில் பார்த்தால், 33 என்று குறித்த வரிசையின் புள்ளிகள் ஆணி அடித்தது போல் அசையாமல் நிற்கின்றன. கருவி வேகம் சரி என்கிறது, காது தவறு என்கிறது. தந்தையாரின் தட்டுகள் அத்தனையும் தவறான வேகத்தில் அச்சடிக்கப்பட்டவையாக இருக்க முடியுமா? அல்லது இதை விற்றுவிட்டுப் புதிய டர்ன்டேபிள் ஒன்றை வாங்குவதுதான் முறையா?

சீரிஸ் பல்பு (சென்னை):

நண்பரே, தட்டுகள் மீது பழியில்லை, உங்கள் மனைவியின் காதிலும் குறையில்லை. ஸ்ட்ரோப் தட்டு சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அது வேறொரு நாட்டின் உண்மை.

ஏஆர் எக்ஸ்ஏவில் இருப்பது ஒத்தியங்கும் வகை ஏசி மோட்டார். அதன் வேகத்தை மின்னழுத்தம் முடிவு செய்வதில்லை. மின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னுமாக முழுச்சுற்று அலைகிறதோ அந்த அதிர்வெண்தான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே ஒழிய ஹெர்ட்ஸைத் தொடாது. ஆகவே எத்தனை டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் உங்கள் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு ஏறத்தாழ 27.8 சுற்றுதான் ஓடுகிறது. ஆறுக்கு ஐந்து என்னும் விகிதம் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி. ஐந்து கட்டை மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கியது அதனால்தான். உங்கள் வீட்டில் எந்த அளவுகருவியும் இல்லாமலேயே ஒருவர் அதிர்வெண்ணைச் சரியாக அளந்துவிட்டார்.

இனி ஸ்ட்ரோப் தட்டு. சோக் வைத்த டியூப் லைட் மின்சாரத்தின் இரண்டு அரைச்சுற்றிலும் ஒளிர்வதால், நம் ஊரில் நொடிக்கு 100 முறையும் அமெரிக்காவில் 120 முறையும் மின்னுகிறது. 33⅓ சுற்றுக்கு அமெரிக்கத் தட்டில் 216 புள்ளிகள் இருக்கும், நம் ஊருக்கான தட்டில் 180 இருக்க வேண்டும். 216 புள்ளித் தட்டை 100 மின்னலின் கீழ் வைத்தால், அது அசையாமல் நிற்பது நிமிடத்துக்கு 27.8 சுற்றில். மோட்டார் எவ்வளவு பின்தங்கியதோ, அதைச் சோதிக்கும் விளக்கும் அதே அளவு பின்தங்கியிருக்கிறது. இருவரும் ஒரே அளவு தாமதமாக வந்து, நேரத்துக்கு வந்ததாக ஒருவருக்கொருவர் சாட்சி சொல்கிறார்கள்.

மின்சாரத்தை நம்பாத சோதனை ஒன்று உண்டு. சுழல் தட்டின் விளிம்பில் ஒரு சிறிய காகிதத்தை ஒட்டி, ஒரு தட்டைப் பாட விட்டு, கைபேசியின் நேரங்காட்டியை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகத்தில் 100 சுற்று வர வேண்டும். உங்களுக்கு 83 வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்வு விற்பதல்ல. 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் விற்றவற்றுக்கு, மோட்டார் அச்சில் பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரமான புல்லி, விட்டம் பெரியதாக இருந்தது. அது கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் இருக்கும் புல்லியைவிட ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பெரிதாக ஒன்றைக் கடைந்து கொள்ளலாம். துவாக்குடிப் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை தருவது. 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியது எதிர்த்திசையில் எடுத்து வைத்த அடி. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டாரை 50-இல் ஓட்டும்போது அதே வோல்ட்டுக்குக் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். அதிர்வெண் குறைந்த அதே விகிதத்தில் வோல்ட்டையும் குறைத்தால், அதாவது 120-க்குப் பதில் 100 கொடுத்தால், மோட்டார் தன் பழைய நிலையில் இருக்கும். கடைகளில் கிடைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் ஒரே சுற்று கொண்ட ஆட்டோ வகை என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றில் வீட்டு மின்கம்பிக்கும் கருவிக்கும் இடையே பிரிவு இல்லை. பிளக் மாறிச் செருகப்பட்டு, அரை நூற்றாண்டுப் பழைய கம்பியின் உறையும் எங்காவது விட்டுப் போயிருந்தால், அந்த உலோக மேல்தகடு தொட்டவரைத் தூக்கி எறியும். இரண்டு தனிச் சுற்றுகள் கொண்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

வடகரை (ரொறன்ரோ):

காவிரிக்கரை ஐயாவின் கதையைத் தலைகீழாக அனுபவித்தவன் நான். இலண்டனில் இருந்தபோது வாங்கிய கராட் 401 டர்ன்டேபிள் ஒன்றை இங்கே குடிபெயர்ந்தபோது கூடவே கொண்டு வந்தேன். அது ஸ்விண்டனில் செய்யப்பட்டது, 1965-இல் சந்தைக்கு வந்த மாதிரி. அங்கே 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டுக்கு ஏற்ற இணைப்பு மாற்றத்தை மோட்டாரிலேயே செய்து கொள்ளலாம் என்பதால் அதை மட்டும் செய்துவிட்டு, வெற்றி பெற்றவனாக நாதசுரத் தட்டு ஒன்றைப் போட்டேன். தவில்காரர் இரயிலைப் பிடிக்க ஓடுபவர் போல வாசித்தார். 33⅓ ஓட வேண்டியது நாற்பதை நெருங்கி ஓடிக்கொண்டிருந்தது.

கராட் 301, 401 இரண்டிலும் வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்கக் காந்தத் தடை ஒன்று உண்டு. அதை முழுவதும் திருகினாலும் இந்த இடைவெளியை மூட முடியாது, அது சில விழுக்காட்டுக்கு மட்டுமே. இறுதியில் 60 ஹெர்ட்ஸ் புல்லியை வாங்கித்தான் சரி செய்தேன். எனக்கு அந்தப் புல்லிக்கு ஆன செலவு, அதே ஆண்டில் வாங்கிய புதிய கார்ட்ரிட்ஜைவிடக் கூடுதல் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். பழைய கருவிக்குக் கொடுக்கும் முதல் தொகை வெறும் அச்சாரம் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

நேரியக்கம் (மதுரை):

இத்தனை பாடும் படுவானேன் என்று கேட்பவள் நான் ஒருத்தியாவது இங்கே இருக்க வேண்டும் அல்லவா?

சென்ற தையில் நான் வாங்கியது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான 100 வோல்ட் மாதிரி. அதில் பெல்ட் இல்லை, புல்லியும் இல்லை. மோட்டாரின் அச்சிலேயே சுழல் தட்டு அமர்ந்திருக்கிறது. வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று நிர்ணயிப்பதால், உள்ளே வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. ஜப்பான் ஒரே நாடாக இருந்தும் கிழக்கில் 50, மேற்கில் 60 என்று இரண்டு அதிர்வெண்கள் வைத்திருக்கிறது. ஒசாக்காவில் செய்து டோக்கியோவில் விற்க வேண்டியவர்களுக்கு இந்தத் தலைவலியிலிருந்து விடுபடும் ஆசை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். விளிம்பில் இருக்கும் ஸ்ட்ரோப் விளக்கும் அதே படிகத்தின் கட்டளையில் மின்னுவதால், அது காவிரிக்கரை ஐயாவுக்குச் செய்த துரோகத்தை எனக்குச் செய்யாது.

என்றாலும் விற்றுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏஆரின் தொங்கும் சட்டத்தை என் தோழியின் வீட்டில் பார்த்திருக்கிறேன். மரத்தளம் போட்ட அந்தப் பழைய வீட்டில் யார் நடந்தாலும் என் டெக்னிக்ஸ் உறுமும், அவளுடையது அசையாது. 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் பற்றிச் சீரிஸ் பல்பு சொன்னதற்கு ஒரு சொல் சேர்க்கிறேன். ஜப்பான் கருவிகளுக்கென்று 230-ஐ 100 ஆக்கும் தனிச்சுற்று டிரான்ஸ்ஃபார்மரை நான் சுற்றிக் கொடுக்கச் சொல்லித்தான் வாங்கினேன். டர்ன்டேபிள் மோட்டார் எடுப்பது சில வாட் மட்டுமே என்பதால் 50 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனே தாராளம். ஆனால் அதை ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலோ கார்ட்ரிட்ஜின் அடியிலோ வைக்காதீர்கள். விஎம்95இ தருவது 4 மில்லிவோல்ட். அவ்வளவு மெல்லிய குறிப்பலைக்கு அருகில் இரும்பு உள்ளகம் ஒன்று முணுமுணுத்தால், அந்த முணுமுணுப்பும் பாட்டோடு சேர்ந்து பெரிதாகும்.

காவிரிக்கரை:

நன்றி என்ற ஒரு சொல் போதாது. எண்ணிப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் 83 சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தது. சீரிஸ் பல்பு ஐயா எழுதி வைத்ததைப் படிப்பது போல் இருந்தது.

உற்சாகத்தில் மறுநாளே துவாக்குடிக்குப் போய், புல்லியின் இரண்டு படிகளையும் வெர்னியரில் அளந்து, ஒவ்வொன்றையும் 1.2 ஆல் பெருக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பித்தளையில் அழகாகக் கடைந்து கொடுத்தார்கள். தனிச்சுற்று 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் வந்துவிட்டது, மோட்டார் இப்போது தொட்டால் வெதுவெதுப்போடு நிற்கிறது. பாட்டு ஐந்து கட்டைக்கு ஏறிவிட்டது.

ஏறத்தாழ ஏறிவிட்டது என்று சொல்வதே சரி. என் மனைவி தம்புராவை மீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, மிகக் கொஞ்சம் இறக்கம் இருக்கிறது என்கிறார். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் மூன்று முறையும் 99-ம் ஒரு கால் சுற்றும்தான் வருகிறது. கணக்கு சரியாகப் போட்டும் அந்த முக்கால் சுற்று எங்கே போயிற்று? மின்வாரியத்தைக் குறை சொல்லலாமா?

கோவை லேத் (கோயம்புத்தூர்):

மின்வாரியத்தை விட்டுவிடுங்கள். நம் நாட்டு மின்தொகுப்பு 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. கீழெல்லையில் ஓடினாலும் மூன்று நிமிடத்துக்கு ஐந்தில் ஒரு சுற்றுதான் குறையும். காணாமற்போன முக்கால் சுற்று பெல்ட்டின் கனத்தில் இருக்கிறது.

புல்லியின் மேல் வளையும் பெல்ட்டில், வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுவில் ஓர் அடுக்கு இரண்டும் இல்லாமல் இருக்கிறது. உண்மையில் ஓடும் விட்டம் அந்த நடு அடுக்கின் விட்டம், அதாவது புல்லியின் விட்டத்தோடு ஒரு பெல்ட் கனத்தைக் கூட்டியது. பெருக்க வேண்டியது அதைத்தான். எடுத்துக்காட்டாகப் புல்லி 15 மி.மீ., பெல்ட் 0.7 மி.மீ. என்று கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 15.7. அதை 1.2 ஆல் பெருக்கினால் 18.84. அதிலிருந்து பெல்ட் கனத்தைக் கழித்தால் 18.14. உங்களைப் போல் வெறும் 15-ஐப் பெருக்கியவர் 18.00 என்று கடைவார். அந்த 0.14 மி.மீ. குறைவு 100 சுற்றை 99¼ ஆக்கிவிடும். இதைக் காதால் கண்டுபிடித்த அம்மையாரை வணங்குகிறேன். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் எட்டில் ஒரு பங்கு அது. எங்கள் பட்டறையில் மைக்ரோமீட்டர் இல்லாமல் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசலில் குறைப்பது எளிது, கூட்ட முடியாது. ஆகவே இப்போதுள்ள புல்லியைத் திருத்த வழியில்லை. இடைக்கால ஏற்பாடாக, செலோ டேப்பை முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள். விட்டம் ஏறத்தாழ 0.1 மி.மீ. கூடும், எண்ணிக்கை நூறை நெருங்கும். கோடையில் அந்தப் பசை இளகும் என்பதால் அதையே நம்பியிருக்க வேண்டாம்.

புதிதாகக் கடையும்போது மூன்று செய்திகளைப் பட்டறையில் வலியுறுத்திச் சொல்லுங்கள். அச்சுக்கான துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடியில் கடைய வேண்டும், துளையைப் போட்டுவிட்டுக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் மையம் விலகும். விலகிய புல்லி ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டை இழுத்து விடுவதால், ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வைகளில் சுருதி நடுங்கும், அதை எந்தச் சராசரி எண்ணிக்கையும் காட்டாது. அடுத்து, பெல்ட் ஓடும் பரப்பு நடுவில் மிக மெல்லிதாகப் பெருத்திருக்க வேண்டும். தட்டையான பெல்ட் எப்போதும் மேட்டை நோக்கி ஏறி நடுவிலேயே நிற்கும், முழுத் தட்டையாகக் கடைந்தால் ஒரு நாள் கழன்று விழும். நான் சொன்ன கணக்கு அந்த மேட்டின் உச்சி விட்டத்துக்கானது. கடைசியாக, முதல் முறை கணக்கைவிட 0.05 மி.மீ. கூடுதலாகவே கடையச் சொல்லி, வீட்டில் மாட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, மீண்டும் கொண்டுபோய்த் தேய்த்துச் சரி செய்யுங்கள். போகவர இரண்டு நடை ஆகும், ஆனால் மூன்றாவது புல்லிக்குப் பித்தளை வாங்க வேண்டியிராது.

வடகரை (ரொறன்ரோ):

இந்தக் கணக்கு எனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். கராட் 401-இல் பெல்ட்டே கிடையாது, புல்லியை இரப்பர் சக்கரம் தொட்டு ஓடுகிறது. அந்தச் சக்கரம் தேய்ந்தாலும் வேகம் மாறாது, ஏனெனில் இடையில் நிற்கும் சக்கரத்தின் விட்டம் விகிதத்தில் அடிபட்டுவிடுகிறது. பிரித்தானியர் சூடு ஆறிய தேநீரைப் போலவே பொறியியலையும் பொறுமையோடு அணுகியவர்கள் போலும்.

காவிரிக்கரை:

இரண்டு நடை அல்ல, மூன்று நடை ஆயிற்று. இப்போது மூன்று நிமிடத்துக்கு 100, காகிதத்துண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. நடுங்கும் கார்வை இல்லை. டேப்பும் ஒரு வாரம் நன்றாகவே உழைத்தது. நேரியக்கம் அம்மா சொன்னபடி டிரான்ஸ்ஃபார்மரை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றி, டர்ன்டேபிளின் எர்த் வயரை நேட்டின் பின்புறத் திருகில் முடுக்கிய பின், நான் இயல்பானது என்று நினைத்துக்கொண்டிருந்த ஓர் இரைச்சல் மறைந்துவிட்டது. 180 புள்ளி ஸ்ட்ரோப் தட்டையும் அச்சடித்து வைத்திருக்கிறேன். அமெரிக்கத் தட்டைச் சுவரில் மாட்டியாயிற்று.

ஒரே ஒரு தட்டு மட்டும், அதே பாடகி பாடியது, இப்போது ஐந்தரைக் கட்டையில் நிற்கிறது. அன்றைக்குச் சுருதியைக் கூட்டி வைத்துப் பாடியிருப்பார் என்கிறார் என் மனைவி. நான் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன்.